கள்ளிக்குக் கொண்டை முளைச்சா கத்தியைத் தூக்கிருவீங்களா?

போன வாரம் நம்ம வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு படம் சுற்றியது, பார்த்திருப்பீர்கள். வயக்காட்டு வரப்பில் ஒரு கள்ளி. உச்சியில் சுளகு மாதிரி விரிந்து, ஓரமெல்லாம் நெளிநெளியாக மடிந்த ஒரு கொண்டை. அதன் மேல் மஞ்சள் கயிறு, குங்குமம், ஒரு முழம் கதம்பம். கீழே, "சிவகிரி அருகே ஆதிசேஷன் படமெடுத்த அதிசயம்! பத்துப் பேருக்கு அனுப்பினால் இன்றே நல்ல செய்தி வரும்." எனக்கு மட்டும் ஏழு பேரிடமிருந்து வந்தது. நல்ல செய்தி ஏழு பாக்கி இருக்கு மக்கா, யாரும் மறந்துராதீங்க.

நல்ல செய்தி கிடக்கட்டும். கெட்ட செய்தி ஒன்று சொல்கிறேன். படத்தில் இருக்கும் செடி இப்போது அங்கே இல்லை. அது போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. யாரோ ராத்திரியில் வந்து கொண்டையோடு சேர்த்து ஒரு முழம் தண்டை ரம்பம் வைத்து அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செடி செத்த பிறகும் படம் மட்டும் ஊர் ஊராக அருள் பாலித்துக்கொண்டிருக்கிறது.

(சிவகிரி என்றால் ஈரோடு பக்கத்து சிவகிரி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற ரோட்டில் இருக்கும் எங்க சிவகிரி. ஒரு காலத்தில் சங்கரன்கோவில் தாலுகா, அப்புறம் தனித் தாலுகா, 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம்.)

அந்தக் கள்ளியை எனக்கு நாலு வருஷமாகத் தெரியும். தாத்தா தோட்டத்துக்குப் போகிற வழியில் வேலி முழுக்கச் சதுரக்கள்ளி. பெயர்தான் சதுரம், எண்ணிப் பார்த்தால் பாதிக் கிளைகளில் மூன்று பட்டைதான் இருக்கும். பெயர் வைத்தவர் நல்ல நாலு பட்டைக் கிளையாகப் பார்த்து வைத்திருப்பார் போல. முதலில் பார்த்தபோது அந்தக் கொண்டை என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஒரு கிளையின் நுனி மட்டும் தட்டையாகி விசிறி மாதிரி விரிந்திருந்தது. தாத்தாவிடம் கேட்டேன். "கள்ளிக்குக் கோட்டி புடிச்சிருக்குலே. அது பாட்டுக்குக் கெடக்கட்டும், நீ வா" என்றார். இந்த விஷயத்தில் நான் கேட்ட கருத்துகளிலேயே உருப்படியானது அதுதான் என்பது இந்தக் கட்டுரையை எழுத உட்காரும்போதுதான் புரிகிறது.

அதன் பிறகு வந்த கருத்துகள் இருக்கிறதே... அப்பப்பா.

முதலில் பக்திக் கட்சி. இவர்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. சங்கரன்கோவில் பக்கத்தில் பிறந்துவிட்டு நாகத்தை விட்டுக்கொடுக்க முடியுமா? சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள் சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று சண்டை போட்டதிலிருந்துதான் சங்கரநாராயணர் கதையே ஆரம்பிக்கிறது. கோயிலில் புற்றுமண்ணைத்தான் பிரசாதமாக எடுத்து நெற்றியில் இடுகிறோம். தோட்டத்தில் பாம்பைப் பார்த்தால் கோமதியம்மனுக்கு வேண்டிக்கொள்கிற ஊரில், படமெடுத்த மாதிரி ஒரு செடி நின்றால் மஞ்சள் கயிறு கட்டத்தான் செய்வார்கள். இன்னும் சொன்னால், அந்தக் கயிறுதான் கொஞ்ச நாள் அதைக் காப்பாற்றியது. வேலியைச் சுத்தம் பண்ண வந்த ஆள் சாமிச்செடி என்று அரிவாளை வைக்காமல் போனதை நானே பார்த்தேன்.

ஆனால் கயிற்றோடு நிறுத்தினால்தானே? செவ்வாய், வெள்ளிகளில் பால் ஊற்ற ஆரம்பித்தார்கள். கொண்டை என்பது மடிப்பு மடிப்பாக இருக்கிற சாதனம். தண்ணீர் இல்லாத காட்டில் நிற்கப் பழகின செடியின் மடிப்புக்குள் பாலும் குங்குமமும் தேங்கினால் என்ன ஆகும்? ஒரு ஓரம் கறுத்து அழுக ஆரம்பித்தது. "சாமி கோபமாக இருக்கு" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினார்கள். அப்புறம் போன் வந்தது, படம் வந்தது, கூட்டம் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக ரம்பக்காரனும் வந்திருக்கிறான்.

சரி, அவர்கள் படிக்காதவர்கள் என்று கிண்டல் பண்ணினீர்களே நண்பர்களே, நீங்கள் சொன்னது என்ன? அதைத்தான் இங்கே விரிவாகப் பேசப் போகிறேன்.

"கூடங்குளம் கதிர்வீச்சுதான் மச்சி." இது ஒருத்தர். "செல்போன் டவர்." இது இன்னொருத்தர். கூடங்குளம் எங்க ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். அந்த உலையிலிருந்து முதன்முதலில் கரண்ட் வந்ததே 2013 அக்டோபரில். செடி நுனி தட்டையாகிக் கொண்டை போடுவதைப் பற்றித் தாவரவியல்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். லின்னேயஸ் 1753இல் செடிகளுக்குப் பெயர் வைத்த புத்தகத்திலேயே கொண்டைக்காக ஒரு செடிக்குப் பெயர் இருக்கிறது: செலோசியா கிரிஸ்டாட்டா. கிரிஸ்டா என்றால் லத்தீனில் கொண்டை. அது வேறெதுவும் இல்லை, நம்ம கோழிக்கொண்டைப் பூ.

இதே கதிர்வீச்சுக் கூத்து 2015இல் ஜப்பானிலும் நடந்தது. புகுஷிமாவிலிருந்து கொஞ்சம் தள்ளி நாசுஷியோபரா என்ற ஊரில் டெய்சிப் பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தண்டு பட்டையாகி நின்ற படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அணு உலை விபத்தின் விளைவு என்று ஆளாளுக்கு எழுதினார்கள். இது எந்த ஊரிலும் டெய்சியில் வரக்கூடியதுதான், இதை வைத்துக் கதிர்வீச்சு என்று சொல்ல முடியாது என்று தாவரவியல் தெரிந்தவர்கள் விளக்கினார்கள். விளக்கம் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்காதீர்கள். கூடங்குளத்தை எதிர்க்க உங்களிடம் நல்ல காரணங்கள் இருக்கலாம், அதைப் பேசுங்கள், நானும் வந்து கேட்கிறேன். எங்க தாத்தா தோட்டத்துக் கள்ளியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அதற்கு ஒன்றும் தெரியாது.

அடுத்து "மியூட்டேஷன்" கட்சி. இவர்களிடம்தான் எனக்கு உண்மையான சண்டை. ஏனென்றால் இவர்கள் பாட்டனி படித்தவர்கள். (நானும் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.) படத்தைப் பார்த்த அடுத்த நொடி "சிம்பிள், மியூட்டேஷன்" என்று அடித்துவிட்டுப் போனீர்களே, செடியைப் போய்ப் பார்த்தீர்களா? பக்கத்துக் கிளைகளைப் பார்த்தீர்களா? அடியில் காயம் இருந்ததா, பூச்சி துளைத்ததா, மாடு கடித்ததா என்று பார்த்தீர்களா? ஒன்றும் பார்க்காமல் மியூட்டேஷன் என்பதற்கும், ஒன்றும் பார்க்காமல் ஆதிசேஷன் என்பதற்கும் என்ன வித்தியாசம்? அவர்களாவது நேரில் வந்து கும்பிட்டார்கள்.

நடப்பது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கேளுங்கள். தண்டின் உச்சியில் வளர்நுனி என்று ஒரு பொட்டு இருக்கிறது, குண்டூசித் தலையைவிடச் சிறியது. உருண்டையான ஒரு சின்ன மேடு. அங்கேதான் செல்கள் பிரிந்து பிரிந்து தண்டு மேலே போகிறது. மேடு வட்டமாக இருக்கிறவரை தண்டும் உருண்டையாக, பட்டைகள் சுற்றிலும் சமமாக வரும். ஏதோ காரணத்தால் அந்தப் பொட்டு ஒரு கோடாக நீண்டுவிட்டால் கதை மாறுகிறது. ஒரு புள்ளியிலிருந்து மேலே போக வேண்டியது ஒரு கோடு முழுவதிலிருந்தும் போகிறது. விசிறி விரிகிறது. கோட்டின் நீளம் கூடிக்கொண்டே போக, கீழே இருக்கிற தண்டில் இடம் பற்றாமல் ஓரம் நெளிகிறது, மடிகிறது. பாவாடை ஓரத்தில் வைக்கிற ஃப்ரில் மாதிரி. அவ்வளவுதான் ஆதிசேஷன்.

நுனி பல புள்ளிகளாகச் சிதறிக் கண்டபடி முண்டு முண்டாக வளர்வது வேறு வகை. செடி வளர்ப்பவர்கள் அதை மான்ஸ்ட்ரோஸ் என்பார்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்த மேடு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று செடிக்கு எப்படித் தெரியும்? 1990களில் அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடியில் இதைக் கண்டுபிடித்தார்கள். வுஷெல் என்று ஒரு ஜீன், அது "பெருகு, பெருகு" என்கிறது. கிளவேட்டா என்று ஒரு கூட்டம், அது "போதும்லே, நிறுத்து" என்கிறது. வுஷெல் கூடினால் கிளவேட்டாவும் கூடும், கிளவேட்டா கூடினால் வுஷெல் அடங்கும். இரண்டும் கயிறு இழுக்கிற வரைக்கும் மேடு அளவாக இருக்கும். கிளவேட்டா பழுதானால் மேடு பெருத்துத் தண்டு பட்டையாகிவிடுகிறது. (வுஷெல் என்றால் ஜெர்மனில் கலைந்த தலைமுடி. கோட்டி என்று தாத்தா வைத்த பெயரோடு ஒப்பிட்டால் பெரிய தூரமில்லை.)

இது வெறும் கள்ளிக் கதை என்று நினைக்காதீர்கள். பிளஸ் டூவில் மெண்டல் பட்டாணியின் ஏழு பண்புகளை மனப்பாடம் பண்ணினோமே, அதில் பூவின் அமைவிடம், கோணம், நுனி என்று ஒன்று உண்டு. அந்த "நுனிப் பூ" பட்டாணி வேறு யாருமில்லை, கொண்டை போட்ட பட்டாணிதான். தண்டின் மேல்பகுதி அகலமாகி, பூக்கள் உச்சியில் குவிந்து நிற்கும். தண்டு அகலமாவதை மெண்டலே 1866 கட்டுரையில் குறித்திருக்கிறார். 2025இல் நேச்சர் இதழில் அந்த ஜீனை அடையாளம் கண்டு எழுதினார்கள். அது அந்தக் கிளவேட்டா கூட்டத்தோடு சேர்ந்து வேலை செய்கிற வகை ஜீன். ஆக, கொண்டையைப் பற்றிப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டுத்தான் நாம் எல்லோரும் கல்லூரிக்கே வந்திருக்கிறோம். புத்தகத்தில் படம் மட்டும் இரண்டு பூப்போட்ட கொடியாக வரைந்திருந்ததால் நமக்குத் தெரியவில்லை. தக்காளியும் அப்படித்தான். காட்டுத் தக்காளிக்குள் இரண்டே அறைகள். பள்ளம் பள்ளமாகப் பெருத்த தக்காளியை அறுத்தால் ஏழெட்டு அறைகள் இருக்கும். இந்த வுஷெல், கிளவேட்டா இரண்டிலும் ஏற்பட்ட மாற்றங்களை ஆதி விவசாயிகள் பொறுக்கி எடுத்ததால் வந்த அறைகள் அவை. நேற்று ரசத்தில் நீங்கள் பிசைந்து குடித்தது யாருடைய தவறு என்று இனிமேல் யோசித்துக்கொள்ளுங்கள்.

"அப்ப மியூட்டேஷன்தானே, நான் சொன்னது சரிதானே" என்று கையைத் தூக்குகிறவர் கொஞ்சம் பொறுங்கள். பட்டாணியில் அது ஜீன். கோழிக்கொண்டையில் ஜீன், அதனால்தான் விதை போட்டால் கொண்டையாகவே முளைக்கிறது. (நம்ம புன்செய்க் காட்டில் களையாக வரும் பண்ணைக்கீரைதான் அதன் சொந்தக்காரன், அது ஒழுங்காக நீட்டுக் கதிர் விடும்.) ஆனால் ஸ்வீட் பீ என்ற பூச்செடியில் தண்டடி பட்டையாவதற்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று 1936இலேயே காட்டிவிட்டார்கள். இப்போது அதற்கு ரோடோகாக்கஸ் ஃபேசியன்ஸ் என்று பெயர். செடியின் வளர்ச்சி ஹார்மோனையே காப்பியடித்துச் செடியை ஏமாற்றுகிற கிருமி. வேறு செடிகளில் நுனியில் அடிபட்டது, பனி, களைக்கொல்லி என்று பல காரணங்கள். அரிசோனாவில் சகுவாரோ என்ற ராட்சதக் கள்ளி மரங்களில் எப்போதாவது ஒன்று கொண்டை போடும். எத்தனையோ வருஷமாக ஆராய்ந்தும் ஏன் என்று ஒருமித்த பதில் இல்லை. அங்கே மனுஷர்கள் "தெரியவில்லை" என்று சொல்கிறார்கள். நாம் வாட்ஸப்பில் மூன்று நொடியில் முடித்துவிட்டோம்.

எங்க ஊர்க் கள்ளியில் காரணம் என்ன? எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள வழி இருந்தது, அதுதான் என் வயிற்றெரிச்சல். கொண்டையின் ஓரத்தில் ஒரு துண்டு எடுத்துத் தனியாக வளர்த்துக் கொண்டையாகவே வருகிறதா என்று பார்த்திருக்கலாம். அதே வேலியில் வேறு கிளைகளில் பரவுகிறதா என்று வருஷா வருஷம் குறித்திருக்கலாம். பரவினால் கிருமியாக இருக்குமோ என்று சந்தேகப்படலாம், அந்த ஒற்றை நுனியோடு நின்றால் வேறு மாதிரி யோசிக்கலாம். ஒரு பைசா செலவில்லாத பிராஜெக்ட். நாமெல்லாம் நெட்டிலிருந்து பிராஜெக்ட் இறக்கி ஸ்பைரல் போட்டுக்கொண்டிருந்தபோது, ஊர் வரப்பில் ஒரு பிராஜெக்ட் நாலு வருஷமாக வெயிலில் நின்றது.

நோய் கட்சியையும் விட்டுவிடக் கூடாது. "அது ஊனமான செடி, நோய், பார்த்தால் வெட்டிவிட வேண்டும்" என்று பெரியவர் ஒருவர் எனக்கு அறிவுரை சொன்னார், அவர் ஆசிரியரும்கூட. எந்த நோய் ஐயா என்றேன். பதில் இல்லை. நாலு வருஷமாக நின்று ஒவ்வொரு வெயிலையும் தாண்டி வளர்ந்த செடி அது. மற்றச் செடிகளில் இது நடந்தால் ஒரு பருவத்தில் காய்ந்து போகும், நாம் கவனிக்கவும் மாட்டோம். கள்ளி வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கிற, இலையே இல்லாமல் தண்டே எல்லாமாக இருக்கிற செடி என்பதால்தான் கொண்டை இத்தனை பெரிதாகக் கண்ணில் படுகிறது. வித்தியாசமாக இருப்பதெல்லாம் நோய் என்றால், பூக்கடையில் கோழிக்கொண்டை வைத்துக் கட்டின மாலையைச் சாமிக்கு எப்படிப் போடுகிறீர்கள்?

இப்போது யாவாரிக் கட்சி. ரம்பக்காரன் பக்கம் வருகிறேன்.

நர்சரிகளில், ஆன்லைனில், "கோரல் காக்டஸ்" என்று ஒன்று விற்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். பச்சையோ இளஞ்சிவப்போ ஓரம் போட்டு, கடல் பவளம் மாதிரி நெளிந்த விசிறி ஒன்று, கீழே ஒரு குட்டித் தண்டு. பீங்கான் தொட்டியில் வைத்துப் பல நூறு ரூபாய். டிவி ஸ்டாண்டில் வைத்தால் பணம் வரும், ஈசான்ய மூலையில் வைத்தால் இன்னும் வரும் என்று வீடியோ வேறு. முதலில் அது காக்டஸே இல்லை. காக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டத்தது. ரிப்சாலிஸ் என்ற ஒரே ஒரு செடி மட்டும் ஆப்பிரிக்கா, இலங்கை வரைக்கும் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. சப்பாத்திக்கள்ளிகூட நம்மூர் இல்லை, அதுவும் வந்தேறிதான். நம்ம சங்கப் பாட்டுப் பாலை நிலத்தில் வருகிற கள்ளி யூஃபோர்பியா, ஆமணக்குக் குடும்பம். கீறினால் வெள்ளையாகப் பால் வந்தால் நம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அந்தக் கோரல் காக்டஸ் எப்படித் தயாராகிறது தெரியுமா? மேலே இருப்பது யூஃபோர்பியா லேக்டியா என்ற கள்ளியின் கொண்டை. கீழே இருக்கிற தண்டு யூஃபோர்பியா நெரிஃபோலியா. தமிழில் இலைக்கள்ளி! நம்ம ஊர் வேலியில் நிற்கிற அதே இலைக்கள்ளியின் தலையை வெட்டி, வேறொரு கள்ளியின் கொண்டையை ஒட்டுக் கட்டி, பவளம் என்று பெயர் வைத்து நம்மிடமே விற்கிறார்கள். "கள்ளியை வீட்டுக்குள்ள வச்சா குடும்பம் வெளங்காது" என்று சொன்ன எங்க சித்தி அதை வாங்கி ஹாலில் வைத்திருக்கிறார். அடியில் இரண்டு இலை துளிர்த்ததும் "பாருடா, காக்டஸ் இலை விடுது, அதிர்ஷ்டம்" என்றார். சித்தி, அது இலைக்கள்ளி, அதன் வேலையே இலை விடுவதுதான்! கிள்ளாமல் விட்டால் அடிச்செடி மேலே போய்க் கொண்டை பட்டினி கிடக்கும்.

சிரிப்பு இத்தோடு போதும். கள்ளிப்பால் என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1980களில் உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்கொலை பற்றி வந்த செய்திகளும், 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டவை. பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்க முடியாது, வீங்கிவிடும், சில நாட்கள் பார்வையே மங்கிப் போகலாம். வேலியில் நிற்கும்போது கிழவிக்குக்கூடத் தெரியும், பிள்ளைகளைக் கிட்டே விட மாட்டாள். பீங்கான் தொட்டிக்கு மாறியதும் அந்த அறிவு எங்கே போயிற்று? கொண்டை முழுக்க முள், கீழே விழுந்து உடைந்தால் பால். சித்தி வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. தொட்டியில் "அதிர்ஷ்டம்" என்று ஸ்டிக்கர் ஒட்டியவருக்குப் "பால் கண்ணில் படக் கூடாது" என்று ஒரு வரி ஒட்ட மனமில்லை. கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு ரொம்ப நேரம் கழுவிவிட்டுக் கண் டாக்டரிடம் ஓட வேண்டும். தாய்ப்பால் விடுகிறேன், எண்ணெய் விடுகிறேன் என்று கிளம்ப வேண்டாம்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நர்சரியில் ஒட்டுக் கட்டி வளர்க்கிற கொண்டைகளால் காட்டுச் செடிக்குக் கேடில்லை. ஒன்றிலிருந்து நூறாகத் துண்டு போட்டுப் பெருக்குகிறார்கள், நல்லதுதான். சைட்டிஸ் ஒப்பந்தத்தில் சதைப்பற்றுள்ள யூஃபோர்பியாக்களை நாடு விட்டு நாடு விற்கக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் வளர்த்த இலைக்கள்ளி மேல் ஒட்டிய லேக்டியா கொண்டைக்கு மட்டும் பெயர் சொல்லி விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு மலிந்த சரக்கு. அப்படி மலிவாகக் கிடைக்கும்போது வரப்பில் நிற்கிற ஒற்றைச் செடியை அறுக்க வேண்டிய தேவை என்ன? "நேச்சுரல் கொண்டை" என்றால் கூட விலை போகுமாம், தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அரிசோனாவில் சகுவாரோவை அனுமதி இல்லாமல் பெயர்த்தால் வழக்கு. திருடுகிறார்கள் என்று அங்கே தேசியப் பூங்காவில் மரத்துக்குள் மைக்ரோசிப் வைக்கிறார்கள். நாம் கள்ளிக்கு மைக்ரோசிப் வைக்கிற அளவு வசதியான ஊர் இல்லை. ஆனால் படத்தைப் போடும்போது, "பனைமரத்துக்கு வடக்கே மூணாவது வரப்பு" என்று வழியும் சேர்த்துப் போட்ட புண்ணியவான் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். குழுவில்தான் இருக்கிறீர்கள்.

வேலியே இன்னும் எத்தனை நாள் என்பது வேறு கதை. யானையும் பன்றியும் இறங்குகிற அடிவாரம், கள்ளிக்குப் பயப்பட மாட்டேன் என்கின்றன, சோலார் கம்பி கட்டுகிறார்கள். கம்பி கட்ட ஜேசிபி வருகிறது, கள்ளி போகிறது. பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம், அதற்காக விவசாயியோடு சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் போகிற வேலியில் என்ன இருந்தது என்று நம்மில் ஒருத்தராவது எழுதி வைத்திருக்கிறோமா? வேலியில் சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இடுக்கில் கள்ளிமுளையான்... எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், நானும் உங்களை மாதிரித்தான்.

அறுத்த மறுநாள் காலையில் நான் போனபோது வெட்டுவாயிலிருந்து பால் வழிந்து கட்டியாகியிருந்தது. அறுபட்ட மஞ்சள் கயிறு முள்ளில் தொங்கியது. கீழே மண்ணில் கொண்டை ஓரம் உடைந்த துண்டு ஒன்று, கட்டைவிரல் அளவு. எடுத்து வந்து பத்து நாள் நிழலில் காய வைத்து, உடைந்த மண்சட்டியில் ஆற்றுமணலும் கொஞ்சம் சரளையும் போட்டு ஊன்றினேன். போன வாரம், அந்தப் படம் சுற்றிக்கொண்டிருந்த அதே வாரம், ஓரத்தில் ஒரு முளை வந்தது. உருண்டையாக, பட்டை வைத்து, சாதாரண சதுரக்கள்ளி. எண்ணினேன், மூன்று பட்டை. பக்கத்திலேயே இன்னொரு இடம் லேசாகத் தட்டையாகப் புடைத்திருக்கிறது, அது எந்தப் பக்கம் போகும் என்று இன்னும் சொல்ல முடியவில்லை. தாத்தாவிடம் காட்டினேன். "பாதிக் கோட்டி தெளிஞ்சிட்டு போல" என்றார்.

அறுத்துக்கொண்டு போனவர் இதைப் படித்தால், அல்லது அவரிடம் வாங்கினவர் படித்தால்: உங்களிடம் இருக்கிற கொண்டையின் ஓரத்திலும் இதே மாதிரி நேர்முளை வரும். அது கொண்டையைவிட வேகமாக வளரும். விட்டுவைத்தால் ஒரு நாள் உங்கள் பீங்கான் தொட்டியில் வேலிக்கள்ளிதான் நிற்கும். அடியோடு நறுக்கி எடுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு நறுக்குங்கள். வெட்டுவாய் காயாமல் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள் என்றால் இந்நேரம் அது அழுகியிருக்கும். தட்டிப் பாருங்கள். கொழகொழ என்றிருந்தால், நல்ல பகுதி மட்டும் கொஞ்சம் வெட்டி எனக்கு அனுப்பிவிடுங்கள். என்னிடம் இன்னொரு உடைந்த சட்டி இருக்கிறது.